பழைய கார்களும் ஆண்டுச் சோதனையும்

தோட்டப்புறங்களில் கார் இன்று அரிய பொருளன்று. ஆயினும், புதிய கார் வாங்கும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய காரையே பலர் வாங்குகின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதும் நோயுற்றோர் மருத்துவமனைக்குச் செல்வதும் அக்காரில்தான். அது சாலையில் ஓடத் தகுதியுடையதா என்பதை அறிவது எங்ஙனம்? பழைய கார்கள் சோதனையில் ஏன் தவறுகின்றன, எவ்வாறு தேறுகின்றன என்பதை இங்கு விளக்க விழைகிறோம்.

பிரிட்டனில் 1960ஆம் ஆண்டு இச்சோதனை தொடங்கியபோது, பத்தாண்டுகளைக் கடந்த கார்களின் பிரேக், ஸ்டியரிங், விளக்குகள் ஆகியவையே சோதிக்கப்பட்டன. பழுதுள்ள கார்கள் மிகுதியாகக் காணப்பட்டமையால் அவ்வயது வரம்பு மறு ஆண்டே ஏழாகக் குறைக்கப்பட்டது. 1967இல் அது மூன்றாயிற்று. சிங்கப்பூரில் மூன்று முதல் பத்தாண்டு வரையிலான கார்கள் ஈராண்டுக்கு ஒருமுறையும், பத்தாண்டைக் கடந்தவை ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும். தேறாத காருக்குச் சாலை வரியைப் புதுப்பிக்க இயலாது.

நம் மலேசியாவில் லாரி, பேருந்து போன்ற வர்த்தக வாகனங்களுக்குத் தவணைச் சோதனை உண்டு. சொந்த உபயோகத்திற்கான கார்களுக்கோ ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. பழைய காரை விற்று உரிமையை மாற்றும்போதுதான் பொதுவாகச் சோதனை நடைபெறுகிறது. அதன் பின்னர், காரின் அடிப்பகுதியை எவரும் நோக்காமலே பல்லாண்டுகள் கழியலாம். ஆதலால், பிற நாடுகளில் சட்டம் செய்யும் வேலையை இங்கு உரிமையாளரே செய்துகொள்ளல் வேண்டும்.

சோதனையில் முதன்மையானது பிரேக். சக்கரங்களை உருளைகளின் மீது நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையுடன் நிற்கிறது என்று அளக்கின்றனர். இடப்புறச் சக்கரம் நன்கு பிடித்து, வலப்புறச் சக்கரம் தளர்ந்திருந்தால், அவசரத்தில் பிரேக்கை மிதிக்கும்போது கார் ஒருபுறமாக இழுக்கும். பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அத்தகைய எண்ணெய், நீண்ட இறக்கத்தில் சூடேறி ஆவியாகிப் பிரேக்கைச் செயலிழக்கச் செய்யக்கூடும். மலைப்பகுதித் தோட்டங்களில் வாழ்வோர் இதனைச் சிறப்பாகக் கருத்திற்கொள்ள வேண்டும்.

அடுத்து டயர். அதன் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. வரி ஆழமாக இருப்பினும், பல்லாண்டு வெயிலில் நின்ற டயரின் ரப்பர் இறுகி வெடிப்புறும், அதுவும் ஆபத்தே. முன்விளக்கின் கண்ணாடி மங்கினாலோ, ஒளி மேல்நோக்கிப் பாய்ந்தாலோ கார் தேறாது. எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு, நமக்கும் பாதையைச் சரியாகக் காட்டாது. புகையும் ஒரு செய்தி சொல்கிறது. நீலப்புகை, எஞ்சினில் எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை, எரிபொருள் முழுமையாக எரியாததைக் காட்டும்.

இறுதியாகத் துரு. செம்மண் சாலையில் ஓடும் காரின் சக்கர வளைவுகளிலும் அடிச்சட்டங்களிலும் சேறு அப்பிக்கொள்கிறது. அச்சேறு ஈரத்தைத் தேக்கி இரும்பை அரிக்கிறது. விற்பனைக்கு வரும் காரின் அடியில் புதிதாகக் கறுப்புச் சாயம் பூசப்பட்டிருப்பின், அதன் கீழ்த் துரு மறைந்திருக்கலாம். ஆங்காங்கே தட்டிப் பார்த்தல் நன்று.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். கார் தவறுவதற்கு வயது மட்டுமே காரணமன்று, கவனியாமையே பெருங்காரணம். முறையாகப் பேணப்பட்ட இருபதாண்டுக் கார் தேறுவதும், புறக்கணிக்கப்பட்ட பன்னிரண்டு ஆண்டுக் கார் தவறுவதும் வியப்பன்று. எனினும், தேறிய காரும் அந்நாளில் தகுதியுடையது என்பதே பொருள். அடுத்த ஓராண்டுக்கு அது உறுதிச் சீட்டாகாது.

எனவே, பழைய கார் வைத்திருப்போர் மாதம் ஒருமுறை டயர், விளக்கு, பிரேக் எண்ணெய் ஆகியவற்றைத் தாமே பார்த்தல் வேண்டும். மழைக்காலத்தில் அடிப்பகுதியைக் கழுவ வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம்பிக்கையான பட்டறையில் காரை உயர்த்திக் காட்ட வேண்டும். சிறு பழுதை அன்றே சீர்செய்தால் செலவும் சிறிதே. காரில் அமர்வோர் நம் குடும்பத்தினர் என்பதை நினைவிற்கொண்டால், இச்சிறு உழைப்பு நமக்குச் சுமையாகத் தோன்றாது.