உஷார்! முள் பூஜ்யத்தில் நிற்கும், உள்ளே காற்று பாக்கி இருக்கும்

ஏர் ரைஃபிளில் வேகம் குண்டுக்குக் குண்டு மாறுகிறதா? கையில் எடுத்த அலன் கீயைக் கீழே வையுங்கள். எண்ணெய்க் குப்பியை அதைவிடத் தள்ளி வையுங்கள்.

பத்து மீட்டர் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளை நினைத்துத்தான் இந்தப் பதற்றம். வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் ஒரு குண்டு வினாடிக்கு 175 மீட்டர் காட்டும், அடுத்தது 170. வயிறு கலங்குவது நியாயம்தான். இந்த 5 மீட்டர் வித்தியாசம், பத்து மீட்டர் தள்ளியுள்ள இலக்கில் குண்டைச் சுமார் 1 மில்லிமீட்டர் கீழே இறக்கிவிடும். வளையத்துக்கு வளையம் இடைவெளியே 2.5 மில்லிமீட்டர்தான். ஆக, தசமக் கணக்கில் 0.4 புள்ளி போச்சு. 0.1-ல் பதக்கம் நழுவும் விளையாட்டில் இதற்குத் தூக்கம் வராதுதான். தூக்கம் வராமல் ராத்திரி பதினொரு மணிக்கு ரைஃபிளைப் பிரிக்க உட்காருகிறார்களே, அங்கேதான் ஆபத்து.

நிரப்பிய சிலிண்டரில் 200 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பது இரண்டே கால் பார். ஏறக்குறைய 90 மடங்கு! சரி, சிலிண்டரைக் கழற்றிவிட்டோமே, இனி என்ன என்று கேட்பீர்கள். அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு சின்ன அறை உண்டு. சிலிண்டர் வெளியே வந்த பிறகும் சில முறை சுடுமளவுக்கு அங்கே காற்று தங்கியிருக்கும். கழற்ற முடியாத டேங்க் உள்ள ரைஃபிளில் இன்னும் மோசம்: பல மாடல்களில் கேஜ் காட்டுவது டேங்க் பக்கத்து அழுத்தத்தை மட்டும்தான். முள் பூஜ்யம் என்று நம்பி மூடியின் மரையைத் திருகினால், கடைசி மரை விடுபடும் நொடியில் அந்த மூடியே குண்டாகப் பறக்கும். உங்கள் முகம் எதிரே இருக்கும். பெல்லட் போடாமல், பாதுகாப்பான திசை பார்த்து, காற்றுச் சத்தம் சுத்தமாக அடங்கும்வரை விசையை இழுத்துக் காலி செய்யாமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள்.

அடுத்தது எண்ணெய். "உள்ளே காய்ந்து போயிருக்கும், இரண்டு சொட்டு விடு" என்று சொல்ல எப்போதும் ஒருவர் பக்கத்தில் இருப்பார். தையல் மெஷின் எண்ணெயோ, வண்டி ஆயிலோ, ஸ்பிரேயோ, காற்று போகும் பாதையில் ஒரு சொட்டும் கூடாது. அழுத்தம் சட்டென்று ஏறும்போது காற்று சூடாகும். அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜின் ஓடுவதே இந்தத் தத்துவத்தில்தான். ஓ-ரிங்குக்குத் தயாரிப்பாளர் சொன்ன சிலிக்கான் கிரீஸ், அதுவும் பூசியது தெரியாத அளவு போதும். வெல்டிங் பட்டறை ஆக்ஸிஜனை நிரப்பலாமா என்று கேட்பவர்களும் உண்டு. "எல்லாம் காற்றுதானே" என்கிறார்கள். இல்லை ஐயா! கிரீஸ் துளியும் ஆக்ஸிஜனும் அந்த அழுத்தத்தில் சந்தித்தால் கையில் இருப்பது வெடிகுண்டு. சுத்தமான, ஈரமில்லாத காற்று மட்டும்தான்.

பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சிலிண்டரை நிரப்பி, முப்பது குண்டு சுட்டு, வேகத்தை வரிசை மாறாமல் எழுதுங்கள். அரை மணி நேரம் விட்ட பிறகு வரும் முதல் குண்டு மட்டும் துள்ளி, அடுத்தவை ஒழுங்காக வந்தால், ரெகுலேட்டர் ஓய்வில் அழுத்தத்தைக் கசியவிடுகிறது. அதன் இருக்கையில் தூசியோ தேய்மானமோ இருக்கும். நன்றாகப் போய்க்கொண்டிருந்து ஒரு இடத்திலிருந்து சீராக இறங்கினால் அது கோளாறே இல்லை. சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டர் அளவுக்குக் கீழே போயிருக்கிறது, நிரப்புங்கள். ரெகுலேட்டரே இல்லாத ரைஃபிள் என்றால் வேகம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்குவதுதான் அதன் சுபாவம். ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாக வந்தால் முதல் சந்தேகம் பெல்லட் மேல், அடுத்தது குரோனோகிராஃப் மேல். மினுக்கும் டியூப் லைட்டுக்கு அடியில் வைத்தால் ஒளியை நம்பி அளக்கும் கருவி பொய் சொல்லும். பெல்லட் டப்பாவை மாற்றிப் பாருங்கள், வெளிச்சத்தை மாற்றிப் பாருங்கள், குழலைத் துடையுங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம். அளக்கும்போது கருவிக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் தடுப்பு இருக்கட்டும்; குழந்தைகள் அந்த அறையிலேயே வேண்டாம்.

அப்படியும் அடங்கவில்லையா? ரெகுலேட்டரும் ஹாமர் ஸ்பிரிங்கும் பயிற்சி பெற்ற மெக்கானிக் வேலை. "கொஞ்சம் வேகம் கூட்டித் தருகிறேன்" என்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். போட்டி ரைஃபிளின் சக்தி 8 ஜூல் அளவை ஒட்டித்தான் இருக்கும். ஆயுத விதிகள் 2016 உரிமம் கேட்காமல் விடுவது 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேற்போகாத ரைஃபிளை மட்டுமே. மற்ற ஏர் ரைஃபிள்களில் ஸ்பிரிங்கை முறுக்கி முறுக்கி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

இப்போதே எழுந்து போய்ச் சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். போட்டிச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தரும் ஆயுள் பத்தாண்டு. தாண்டியிருந்தால், பளபளவென்று இருந்தாலும் சரி, இனி அதில் காற்று நிரப்பாதீர்கள்.