பரலோகத்தைப் பார்த்தேன் என்பவரின் சாட்சியை எப்படி நிதானிப்பது?

பேத்தமங்களா ஏரிக்கரையிலிருந்து ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப்ஸ் வரை, தங்கவயல் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வீட்டு ஜெபக்கூட்டங்களில் சாட்சி சொல்லும் நேரத்துக்குத் தனி மரியாதை உண்டு. சுகம் கிடைத்தது, வேலை கிடைத்தது, கடன் தீர்ந்தது என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். இப்போது கைப்பேசி வழியாக வேறொரு சாட்சியும் வீட்டுக்குள் வந்துவிட்டது: "நான் செத்துப் பிழைத்தவன், பரலோகத்தைப் பார்த்து வந்தேன்." மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர் அதைக் கேட்டுவிட்டுச் சபையார் நாலு பேருக்கு அனுப்பி வைக்கிறார்.

நம்புவதா, தள்ளுவதா? இரண்டுக்குமே அவசரம் வேண்டாம். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணக் கூடாது என்று 1 தெசலோனிக்கேயர் 5:20 சொல்கிறது. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நல்லதைப் பிடித்துக்கொள்ளும்படி அடுத்த வசனம் சொல்கிறது. பவுல் பிரசங்கித்ததையே வேதவாக்கியங்களோடு தினமும் ஒத்துப் பார்த்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் 17 மெச்சுகிறது. அப்போஸ்தலனின் பேச்சையே சோதிக்கலாம் என்றால் வீடியோவில் வருகிறவரின் பேச்சையும் சோதிக்கலாம். அது அவிசுவாசம் ஆகாது.

அப்படி ஒத்துப் பார்க்க வேதத்தைத் திறந்தால், செத்துப் பிழைத்தவர்கள் அதில் எவ்வளவு மௌனமாக இருக்கிறார்கள் என்பதுதான் முதலில் கண்ணில் படும். பெத்தானியா ஊர் லாசரு நாலு நாள் கல்லறையில் கிடந்தவன். அவன் கைகால்களில் கட்டியிருந்த துணியையும் முகத்தைச் சுற்றியிருந்த சீலையையும்கூட யோவான் 11 சொல்கிறது. அந்த நாலு நாளில் அவன் என்ன பார்த்தான் என்பதற்கு ஒரு வரி இல்லை. அடுத்த அதிகாரத்தில் அவன் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான், அவனைப் பார்க்கவென்றே கூட்டம் வருகிறது. அப்போதும் அவன் வாயிலிருந்து ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. நாயீன் ஊர் விதவையின் மகன் எழுந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினான் என்று லூக்கா எழுதுகிறார். என்ன பேசினான் என்று எழுதவில்லை. யவீருவின் மகளும் யோப்பாவின் தபீத்தாளும் அப்படியே.

பவுல் கொஞ்சம் வாய் திறக்கிறார். 2 கொரிந்தியர் 12இல், 14 வருஷத்துக்கு முன் மூன்றாம் வானம் வரை எடுக்கப்பட்டதை வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொல்கிறார். அங்கே கேட்டது மனுஷன் சொல்லக் கூடாதது என்று அத்தோடு நிறுத்திக்கொள்கிறார். அடுத்து அவர் பேசுவது தன் மாம்சத்தில் உள்ள முள்ளைப் பற்றி, தன் பலவீனத்தைப் பற்றி. பத்மு தீவில் எழுதும்படி கட்டளை பெற்ற யோவானுக்கும், ஏழு இடிமுழக்கங்கள் சொன்னதை எழுதாதே என்ற தடை வருகிறது (வெளி. 10:4). வேதத்தில் பரலோகத்தைக் கண்டவர்கள் அனுமதிக்கப்பட்ட அளவோடு நின்றார்கள். அறை அறையாக, உறவினர் பெயர் பெயராக வர்ணிக்கும் சாட்சியைக் கேட்கும்போது இந்த வித்தியாசம் நம் மனதில் நிற்க வேண்டும்.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். சாது சுந்தர் சிங் 1918இல் தமிழ்நாட்டிலும் வந்து பிரசங்கித்தவர். ஆவிக்குரிய உலகத்தில் தான் கண்ட தரிசனங்களை 1926இல் சிறு நூலாக வெளியிட்டார். அவர் கண்ட பரலோகத்தின் நடுவில் கிறிஸ்துவே இருக்கிறார். பிதாவை அங்கே காண்பதும் கிறிஸ்துவில்தான். இது யோவான் 14:9ஓடு பொருந்துகிறது. ஆனால் இறந்தவர்கள் முதலில் ஆவிகளின் உலகம் என்ற இடைநிலைக்குப் போய், அங்கே அவரவர் குணப்படி ஒளியின் பக்கமோ இருளின் பக்கமோ பிரிகிறார்கள் என்றும் சொல்கிறார். லூக்கா 16இன் பெரும்பிளப்பையும், இன்றைக்கே என்னோடு இருப்பாய் என்று சிலுவையில் கள்ளனுக்குக் கிடைத்த வாக்கையும் வைத்துப் படித்தால், இதை உபதேசமாக எடுத்துக்கொள்ள முடியாது. சாதுவின் பரிசுத்த வாழ்க்கையை மதிக்கிறேன், அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. உண்மையுள்ளவர் கண்டதும் வேதத்துக்குக் கீழேதான் நிற்கும். பாளையங்கோட்டைக்காரரான ஏ. ஜே. அப்பாசாமி, பிற்பாடு கோயம்புத்தூர் பேராயர் ஆனவர், சாதுவிடமே நேரில் கேள்வி கேட்டு, ஸ்ட்ரீட்டர் என்ற இறையியலாளரோடு சேர்ந்து 1921இல் அவரைப் பற்றி நூல் எழுதினார். அன்பு குறையாமலே கேள்வி கேட்கலாம்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் நடந்தது. கார் விபத்தில் கோமாவுக்குப் போன ஒரு சிறுவன் பரலோகம் போய்த் திரும்பியதாக 2010இல் வந்த 'தி பாய் ஹூ கேம் பேக் ஃப்ரம் ஹெவன்' என்ற புத்தகம் ஏராளமாக விற்றது. 2015 ஜனவரியில் அந்தப் பையனே, தான் சாகவில்லை, பரலோகம் போகவில்லை, கவனம் கிடைக்கும் என்பதற்காகவே அப்படிச் சொன்னேன் என்று எழுதினான். வேதமே போதும், அதைப் படியுங்கள் என்றும் கேட்டுக்கொண்டான். பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது.

இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லிப் பயமுறுத்துகிறவரையும், சாட்சி முடிந்த கையோடு காணிக்கைக்கு வங்கிக் கணக்கு எண் தருகிறவரையும் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை.

துக்க வீடுதான் கஷ்டமான இடம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பரலோகத்தைப் பார்த்ததாகச் சாட்சி சொல்ல வந்தவரிடம், "அண்ணா, அங்க எம் பையனைப் பாத்தீங்களா?" என்று கேட்டால் அது கேலிக்கோ வாதத்துக்கோ உரிய நேரமல்ல. தெசலோனிக்கே சபையிலும் இப்படி மரித்தவர்களை நினைத்துக் கலங்கியவர்கள் இருந்தார்கள். மூன்றாம் வானத்தைக் கண்ட பவுல், தான் கண்ட எதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. இயேசு மரித்து எழுந்தார், அவருக்குள் மரித்தவர்களும் எழுவார்கள், எல்லோரும் சேர்ந்து எப்போதும் கர்த்தரோடு இருப்போம் என்றுதான் எழுதினார் (1 தெச. 4:13–18). அந்த வார்த்தைகளைக் கொண்டு ஒருவரையொருவர் தேற்றச் சொன்னார். அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து நாம் வாசித்துக் காட்டவேண்டிய பகுதி அதுதான்.