மேற்கின் மெல்லிசை – 9: ஆலைக்குள் நுழைந்த வயலின்கள்

போர்ன்மத், ஸ்கார்பரோ முதலிய கடற்கரை ஊர்களில், விடுமுறைக்கு வந்தவர்கள் சாய்ந்து உட்கார்ந்து கேட்பதற்காகவே வளர்ந்த வாத்தியக் குழுக்களைப் போன வாரம் பார்த்தோம். உட்கார நேரமே இல்லாதவர்களிடம் அதே இசை போய்ச் சேர்ந்த கதை இந்த வாரம்.

1940 ஜூன் 22இல் பிரான்ஸ் ஜெர்மனியுடன் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஹிட்லரின் படைகள் ஆங்கிலக் கால்வாயின் மறுகரைக்கு வந்துவிட்டன. மறுநாள், ஜூன் 23 அன்று, பி.பி.சி. வானொலி ‘மியூசிக் வைல் யூ ஒர்க்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. காலையில் அரைமணி நேரம், பிற்பகலில் அரைமணி நேரம். பின்னர் இரவு ஷிப்டுக்கென்று மூன்றாவது ஒலிபரப்பும் சேர்ந்தது.

விமானமும் குண்டும் செய்யும் ஆலைகளில் வேலை நேரம் நீண்டுகொண்டே போன காலம் அது. அதுவரை ஆலை வாசலையே மிதித்திராத பெண்கள் ஆயிரமாயிரமாக வேலைக்கு வந்தார்கள். ஒரே திருகை நாள் முழுக்க முடுக்கும் வேலையில் உடம்பைவிட மனம் முதலில் களைக்கும். முற்பகலிலும் பிற்பகலிலும் வேலை தொய்ந்துபோகும் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் இசையை வைத்தார்கள்.

ஆலைக்குள் ஒலிக்கும் இசைக்கென்று தனி இலக்கணமும் வகுத்தார்கள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே சன்னமான வாசிப்பு காதில் விழாது. திடீரென்று ஓங்கி ஒலித்தால் கவனம் சிதறும். ஆகவே ஒலியின் அளவு கடைசிவரை ஒரே சீராக இருக்க வேண்டும். தாளம் மந்தமாகக் கூடாது. மெட்டு பளிச்சென்று தெரிய வேண்டும். பாடகர் கிடையாது, வாத்தியங்கள் மட்டுமே. ‘டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ என்ற அமெரிக்கப் பாட்டின் மெட்டுக்குத் தடையே விதித்தார்கள். அதில் கைதட்ட வேண்டிய இடங்கள் உண்டு. தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டுக் கையில் இருப்பதை வைத்துத் தட்டத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம்.

இந்த நிகழ்ச்சியின் முகப்பு இசை எரிக் கோட்ஸ் எழுதிய ‘காலிங் ஆல் ஒர்க்கர்ஸ்’. செஞ்சிலுவைச் சங்கப் பணியில் இருந்த மனைவி ஃபிலிஸ் கேட்டுக்கொண்டதற்காக 1940இல் அவர் எழுதிய அணிநடை இசை அது.

கோட்ஸ் 1886இல் நாட்டிங்ஹாம்ஷயரின் ஹக்னல் என்ற சுரங்க ஊரில் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தவர். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் லயனல் டெர்டிஸிடம் வயோலா பயின்றவர். ஹென்றி வுட் நடத்திய குவீன்ஸ் ஹால் ஆர்கெஸ்ட்ராவில் வயோலாக் கலைஞர்களுக்குத் தலைமை வகித்தவர். இடது கை நரம்பு வலி விடாமல் படுத்த, 1919இல் ஆர்கெஸ்ட்ரா வாசிப்பை விட்டார். அதன் பிறகு முழுநேரமும் இசை எழுதுவதுதான்.

வயோலா வாசிப்பவருக்கு முக்கிய மெட்டு எப்போதாவதுதான் கிடைக்கும். வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவில் இருந்துகொண்டு இசையைத் தாங்குவதே அதன் வேலை. அந்த இடத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்து கேட்ட காது கோட்ஸுடையது. அவருடைய மெட்டு முதல் தடவையிலேயே மனத்தில் ஒட்டிக்கொள்ளும்; ஆனால் மெட்டுக்கு அடியில் உள்ள குரல்களில் ஒன்றுகூடச் சும்மா நிற்காது. ‘லண்டன் சூட்’ 1933இல் வெளிவந்தது. அதன் ‘நைட்ஸ்பிரிட்ஜ்’ பகுதி ஒரு வானொலி நிகழ்ச்சியின் முகப்பில் ஒலித்ததும், அது என்ன இசை என்று கேட்டு பி.பி.சி.க்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. செல்சி கடற்கரையில் நின்று பார்த்த காட்சியில் பிறந்த ‘பை தி ஸ்லீப்பி லகூன்’ (1930), ‘டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சியின் முகப்பாக 1942 முதல் இன்றுவரை ஒலிக்கிறது.

போர் முடிந்த பிறகும் ‘மியூசிக் வைல் யூ ஒர்க்’ நிற்கவில்லை. 1967 செப்டம்பரில், பி.பி.சி. தன் அலைவரிசைகளை மாற்றியமைத்த வேளையில்தான் அது முடிந்தது. அதற்குள் இளைஞர்களின் காது பாப் இசைக்குப் போய்விட்டது. வானொலிக்கென்று சம்பளம் கொடுத்து வாத்தியக் குழுக்களை வைத்திருப்பது வீண்செலவாகத் தெரிந்தது. அலமாரி அலமாரியாக இருந்த இசைத்தாள்கள் கழிவுக்குப் போகத் தொடங்கின. அவற்றை மீட்க ஓடியவர் எர்னஸ்ட் டாம்லின்சன். தானும் மெல்லிசை எழுதியவர். லங்காஷயரின் லாங்ரிட்ஜ் அருகே தன் பண்ணையில் இருந்த கொட்டகையை 1984இல் நூலகமாக்கி, பல்லாயிரம் இசைத்தாள் கட்டுகளைச் சேர்த்துவைத்தார். இன்று பழைய மெல்லிசையைப் புதிதாக ஒலிப்பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு அந்தச் சேமிப்பு பெரிய துணை.

வேலை செய்பவர்களுக்காக எழுதிய இசை, அந்த வேலை முடிந்ததும் தேவையற்றதாகிவிடும் என்று நினைத்தது பெரும் பிழை. களைத்த கைகளுக்குத் தெம்பு தர வேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காகத் தேர்ந்த கலைஞர்கள் தங்கள் வித்தை முழுவதையும் இறக்கிய இசை இது. கச்சேரி மேடையின் பெரும் படைப்புகளுக்குத் தரும் அதே மரியாதை இதற்கும் உரியது. ‘லண்டன் சூட்’டை ஒருமுறை கேளுங்கள். இரண்டாம் முறை மெட்டை விட்டுவிட்டு, நடுவில் ஓடும் வயோலாவின் பின்னால் போங்கள். கோட்ஸ் யார் என்பது அங்கே புரியும்.

அடுத்த வாரம்: மாண்டோவானியின் புகழ்பெற்ற அருவி போன்ற வயலின் ஒலியை உருவாக்கிக் கொடுத்த ரொனால்ட் பிஞ்ச்.

(தொடரும்)