நிலா விழப் போகும் ஊர்

குழந்தைகளே, வீடியோ கேமில் வரும் ஊர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வாள் ஏந்திய வீரன் ஊருக்குள் நுழைவான். கடைக்காரர் நள்ளிரவிலும் கடையில் நிற்பார். தெருவோரப் பாட்டி, எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்வார். அவருக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை. அழகான ஊர்தான். ஆனால், பொம்மைக் கொலு!

இதை மாற்றிக் காட்டிய விளையாட்டுகளில் ஒன்று, 1992ல் அமெரிக்காவில் வெளியான 'அல்டிமா 7'. அதில் ஊர்மக்கள் காலையில் எழுவார்கள், வேலைக்குப் போவார்கள், இரவில் படுப்பார்கள். ரொட்டி வேண்டுமா? மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அடுப்பில் வைத்து நீங்களே சுட்டுக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த ஊர், 'கிளாக் டவுன்'. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2000ல் வெளியிட்ட 'செல்டா: மஜோராஸ் மாஸ்க்' விளையாட்டில் வருவது. (பேரன் விளையாட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அந்தப் பொத்தான்களை அமுக்க எனக்கு வராது!)

ஊர் நடுவே மணிக்கூண்டு. வானத்தில் கோபமுகத்துடன் ஒரு நிலா. மூன்றே நாளில் அது ஊர் மீது விழப் போகிறது! விளையாட்டின் மூன்று நாள், நமக்கு ஏறத்தாழ 54 நிமிடம்தான். ஆபத்து தலைக்கு மேல் இருந்தும், தச்சர்கள் திருவிழாவுக்குக் கோபுரம் கட்டுகிறார்கள். ஊரைக் காலி செய்ய வேண்டும் என்கிறார்கள் காவலர்கள். முடியவே முடியாது என்கிறார்கள் தச்சர்கள். நடுவில் திருதிருவென விழிக்கிறார் மேயர்.

முதல் நாள் நள்ளிரவில், வெடிகுண்டுக் கடைப் பாட்டியிடம் ஒரு திருடன் பையைப் பறிப்பான். தடுத்தால், அந்தப் பை பாட்டியின் கடையில் விற்பனைக்கு வரும். தடுக்காவிட்டால்? மூன்றாம் நாள் இரவு வேறொரு கடையில் அதே பை இருக்கும்!

இது எப்படி நடக்கிறது? பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரிதான். யார், எத்தனை மணிக்கு, எங்கே, என்ன செய்வார் என்று ஒவ்வொருவருக்கும் வகுத்திருக்கிறார்கள். வீரனிடமே ஒரு நோட்டு உண்டு. அவன் சந்திக்கும் 20 பேரின் நேரப் பட்டியல் அதில் இருக்கும்.

நீங்கள் ஓர் ஊரை உருவாக்கப் போகிறீர்களா? முதலில் கோட்டை மதிலை வரையாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மாவு அரைப்பவர் யார், தெருவிளக்கு ஏற்றுபவர் யார் என்று எழுதுங்கள். பிறகு பத்துப் பேருக்கு டைம்டேபிள் போடுங்கள். எந்த வீடு எங்கே வர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அந்த 20 பேரில் ஒருவர் தபால்காரர். நேரம் தவறாதவர். மூன்றாம் நாள் இரவு, நிலா மிக அருகில் வந்துவிட்டது. தபால்காரர் மட்டும் அறைக்குள் தவிக்கிறார். ஓட ஆசைதான்; ஆனால், ஓடுவது அவருடைய டைம்டேபிளில் இல்லையே! உங்களிடம் இருக்கும் ஓர் அவசரக் கடிதத்தை அவரிடம் கொடுத்தால், மேயரின் மனைவியிடம் கொண்டு சேர்ப்பார். தப்பிப் போகும்படி அந்த அம்மா உத்தரவு போடுவார். உடனே, தன் தொப்பியை உங்களிடம் கொடுத்துவிட்டு எடுப்பார் பாருங்கள், ஓர் ஓட்டம்!