பக்கத்து நிலத்தில் பெரிய கட்டுமானமா? கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்



சென்னையின் தென்புறநகரில் பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மழைக்காலம் என்றாலே கவலைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரையும் யாரும் மறக்கவில்லை. அதனால்தான், மழைநீர் தேங்கிக் கிடந்த காலி நிலத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு எழுந்து, லாரி லாரியாக மண் கொட்டப்படும்போது, "இனி இந்தத் தண்ணீர் எங்கே போகும்?" என்று தெருவே கேட்கிறது.

"அதிகாரிகள் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம்" என்று பலரும் நினைக்கிறோம். இந்த எண்ணம்தான் நம்மைத் தாமதிக்க வைக்கிறது.

கூட்டம் ஏன் நடக்காது?

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டர் (சுமார் 2.15 லட்சம் சதுர அடி) அல்லது அதற்கு மேல் கட்டுமானப் பரப்பு உள்ள குடியிருப்புத் திட்டங்கள் வேலையைத் தொடங்கும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். ஆனால் பெரிய சுரங்கம், அனல்மின் நிலையம் போன்றவற்றுக்கு நடத்தப்படும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து இத்தகைய கட்டடத் திட்டங்களுக்கு அதே அறிவிக்கை விலக்கு தந்துள்ளது. ஆகவே நாமே தேடிப் பார்த்து, நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கே பார்ப்பது?

1. நிலத்தின் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்க்கலாம். வாய்க்காலோ ஏரிப் புறம்போக்கோ அந்த இடத்தில் இருந்தால் அதில் தெரிய வரும்.

2. சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பத்தை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடலாம். எத்தனை வீடுகள், தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே என்ற விவரங்கள் அதில் இருக்கும்.

3. வீடுகளை விற்க விளம்பரம் செய்வதற்கு முன் திட்டத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கொண்டு அனுமதி பெற்ற வரைபடத்தைப் பார்க்கலாம்.

4. இணையத்தில் கிடைக்காததை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

எதை எழுதுவது?

"எங்களுக்கு இந்தத் திட்டம் வேண்டாம்" என்ற ஒற்றை வரியால் பயனில்லை. கணக்கோடு கேட்க வேண்டும். 1,000 வீடுகள், வீட்டுக்கு 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான அளவு. அதில் கழிப்பறைக்கான 45 லிட்டரைச் சுத்திகரித்த நீரால் ஈடுசெய்தாலும், மீதி 90 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். அதாவது தினமும் 4.5 லட்சம் லிட்டர். குடிநீர் இணைப்பு வரவில்லை என்றால், 12,000 லிட்டர் லாரிகள் 37, 38 நடை வர வேண்டும். நம் கிணறும் போர்வெல்லும் என்ன ஆகும்? அந்த லாரிகள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எந்தத் தெரு வழியாக வரும்? மனையை எத்தனை அடி உயர்த்துகிறார்கள்? மழைநீர் எந்த வாய்க்காலில் சேரும்? கேள்விகள் இப்படி இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் கொள்வோம். வீடு தேடி வருகிறவர்கள் நம் எதிரிகள் அல்லர். பெயரைக் கேட்டதும் "வீடு காலியில்லை" என்று கதவை மூடும் வேதனை நம்மில் பலருக்குத் தெரியும். ஆகவே "யார் குடிவருவார்கள்" என்பது நம் மனுவில் ஓரிடத்திலும் வரக்கூடாது. தண்ணீர், வடிகால், சாலை ஆகியவை மட்டுமே நம் பேச்சாக இருக்கட்டும். அவை சரியாக இருந்தால் புதிதாக வருகிறவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

யாரிடம், எப்போது?

சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் உள்ள மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம், எழும்பூரில் உள்ள சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், உங்கள் உள்ளாட்சி, நீர்வளத் துறை ஆகிய நான்கு இடங்களுக்கும் ஒரே மனுவை அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அனுமதி கிடைப்பதற்கு முன்பு அனுப்புவதே பலன் தரும்.

அனுமதி கிடைத்துவிட்டால் நிறுவனம் அதை உள்ளூர் நாளிதழ்கள் இரண்டில் விளம்பரம் செய்ய வேண்டும். அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்களே அவகாசம். தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மேலும் 60 நாட்கள் வரை அனுமதிக்கலாம். அதன்பின் அந்த வழி அடைபட்டுவிடும். அனுமதியின் நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்று நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அதையும் கேட்டுப் பாருங்கள்.

இதைத் தனியாளாகச் செய்ய வேண்டாம். தெருவில் எல்லாச் சமயத்தவரையும் சேர்த்து ஐந்து பேர் உட்காருங்கள். போன மழையில் எந்த வீட்டில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று தேதியோடு எழுதி, படம் இருந்தால் இணையுங்கள். அந்த ஒரு தாள்தான் உங்கள் மனுவின் பலம். இன்ஷா அல்லாஹ், அடுத்த மழைக்கு முன்பே அதைத் தொடங்குவோம்.