எழுதப்பட்டதை மட்டுமே எழுதும் தொழில்

விலங்கியலோ, தாவரவியலோ, நுண்ணுயிரியலோ படித்துப் பட்டம் பெற்ற மகனையோ மகளையோ வீட்டில் வைத்துக்கொண்டு, "இனி என்ன வழி?" என்று கலங்கும் பெற்றோர் நம்மிடையே பலர். ஒரு நாள் பிள்ளை வந்து, "மெடிக்கல் கோடிங் படிக்கப் போகிறேன், பணம் கட்ட வேண்டும்" என்கிறது. அஃது என்ன தொழில், அதற்கு எதைக் கற்க வேண்டும், மனைவியின் நகையை அடகு வைத்தேனும் பணம் கட்டலாமா என்று தெரியாமல் தந்தை தவிக்கிறார். அத்தகைய குடும்பங்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

நோயாளி ஒருவருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்பதை மருத்துவர் சொற்களால் எழுதி வைக்கிறார். அந்தக் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைத் தேர்ந்து பதிவு செய்பவரே மருத்துவக் குறியீட்டாளர். உயர் இரத்த அழுத்தம் என்றால் 'ஐ 10'. சிக்கல் ஏதுமற்ற இரண்டாம் வகை நீரிழிவு என்றால் 'இ 11.9'. மருத்துவருக்கு மருத்துவர் சொற்கள் மாறலாம்; குறியீடு மாறுவதில்லை.

இம்முறை நேற்று முளைத்ததன்று. பிரான்சு நாட்டுப் புள்ளியியல் அறிஞர் ஷாக் பெர்த்தியோன் மரணக் காரணங்களை வகைப்படுத்திய பட்டியலொன்றை 1893-இல் அளித்தார். 1948-இல் உலக சுகாதார நிறுவனம் அப்பட்டியலின் பொறுப்பை ஏற்றபோது, மரணக் காரணங்களோடு நோய்களும் அதில் இடம் பெற்றன. 1990-இல் ஏற்கப்பட்ட அதன் பத்தாம் திருத்தத்தைத் தன் தேவைக்கேற்ப விரித்து, 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கா கையாண்டு வருகிறது. அதில் ஏறத்தாழ 70,000 குறியீடுகள் உள்ளன. பதினோராம் திருத்தம் 2022-இல் நடைமுறைக்கு வந்த போதிலும், அமெரிக்க மருத்துவமனைகள் இன்னும் பத்தாம் திருத்தத்தையே பின்பற்றுகின்றன.

அமெரிக்க மருத்துவமனைக்கு நம் பிள்ளைகள் ஏன் குறியீடு எழுத வேண்டும்? அந்நாட்டில் மருத்துவச் செலவின் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனங்களும் அரசும் ஏற்கின்றன. குறியீடு இல்லாமல் அவை பணம் தருவதில்லை. 1983-இல் முதியோருக்கான அரசுக் காப்பீடு, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கு, நோய்த் தொகுதிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகையை வரையறுக்கும் முறையைக் கொணர்ந்தது. அது முதல் குறியீட்டாளரின் பணி மேலும் இன்றியமையாததாயிற்று. நோயாளிக் குறிப்புகள் கணினி வழியே கடல் கடந்து வரத் தொடங்கிய பின், சென்னை, கோவை, திருச்சி முதலிய நகரங்களில் இப்பணி பெருகிற்று. தொலைபேசியில் பேசும் பணியைப் போல அமெரிக்கப் பகலுக்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய கட்டாயம் இதில் குறைவு.

பயிற்சிக்கு வருவோம். முதலில் உடற்கூறும் உடலியங்கியலும். பின்னர் மருத்துவச் சொற்களின் வேரும் முன்னொட்டும் பின்னொட்டும். அதன் பின்னரே நூல்கள்: நோய்களுக்கான பட்டியல் ஒன்று, சிகிச்சை முறைகளுக்காக அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிடும் 'சி.பி.டி.' நூல் ஒன்று. மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் இன்னொன்று. இவை ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், கற்றல் வேலை கிடைத்த அன்று முடிவதில்லை.

தேர்வுகளுள் நம் மாணவர் பெரிதும் நாடுவது, அமெரிக்காவின் 'ஏ.ஏ.பி.சி.' என்னும் அமைப்பு நடத்தும் 'சி.பி.சி.' தேர்வு. 100 வினாக்கள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 விழுக்காடு. குறியீட்டு நூல்களைப் பார்த்தே விடையளிக்கலாம். பார்த்து எழுதுவதுதானே என்று அலட்சியம் செய்தல் ஆகாது. ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் முழுதாய்க் கிடைக்காது. முன் அனுபவம் இன்றித் தேர்ச்சி பெறுவோரின் சான்றிதழில், அவர் இன்னும் பயிலுநரே என்பதைக் காட்டும் எழுத்தொன்று சில காலம் சேர்ந்தே நிற்கும்.

ஆயினும், இப்பயிற்சியின் உயிர்நாடி வேறொன்று. எழுதப்பட்டதை மட்டுமே எழுதப் பழகுதலே அது.

நீரிழிவு நோயாளி ஒருவரின் குறிப்பைப் பயிலுநர் படிக்கிறார். இரத்தப் பரிசோதனையின் அளவுகள் சிறுநீரகம் பழுதடைந்திருப்பதைக் காட்டுவது போல் தோன்றுகின்றன. ஆனால் மருத்துவர் எங்கும் சிறுநீரக நோய் என்று எழுதவில்லை. குறியீட்டாளர் தாமாக அதனைச் சேர்க்கலாமா? கூடாது. மருத்துவரிடம் விளக்கம் கேட்கலாம். அவர் எழுதினால் பதியலாம். நோயை நிர்ணயிப்பவர் மருத்துவரே.

மற்றொன்று. மார்பகப் புற்றுநோய்க்கு ஆண்டுகள் பலவற்றிற்கு முன்னரே சிகிச்சை முடித்துக் குணமடைந்த தாய் ஒருத்தி, இன்று இருமலுக்காக மருத்துவரிடம் வருகிறாள். அவளுடைய பழைய நோய்க்குரிய குறியீடு 'இசட் 85.3'. முன்பு இருந்தது, இப்போது இல்லை என்பது அதன் பொருள். அவசரத்தில் 'சி 50' என்று தொடங்கும் குறியீட்டைப் பதிந்துவிட்டால், அவள் இன்றும் புற்றுநோயாளி என்றாகிவிடும். அடுத்த மருத்துவர் அதனைப் படிப்பார். காப்பீட்டு நிறுவனமும் படிக்கும். முகமறியாத அந்தத் தாயின் மேல், அவள் கடந்து வந்த நோயை மீண்டும் சுமத்தியவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருத்தல் தகுமா?

சோதனை வரும் இடமும் இதுவே. நோய் கடுமையானதாகக் காட்டப்படும்போது பல இடங்களில் தொகையும் உயரும். நாள்தோறும் இத்தனை குறிப்புகளை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தேனும் பிழையின்றி இருக்க வேண்டும் என்ற கண்டிப்பும் ஒருசேர நிற்கும். தெரிந்தே பொய்யான உரிமை கோரி அரசுப் பணம் பெறுவோரைத் தண்டிக்கும் சட்டம் அமெரிக்காவில் 1863 முதல் உண்டு. பெற்றதைப் போல் மும்மடங்கு இழப்பீடு கட்ட நேரிடலாம். நோயாளியின் மறைசெய்திகளைக் காக்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. பணியறைக்குள் கைப்பேசிக்குப் பல நிறுவனங்கள் இடமளிக்காதது இதனாலேயே.

பெற்றோருக்குச் சில சொற்கள். பயிற்சி நிலையம் தரும் சான்றிதழ் வேறு, தேர்வில் வென்று பெறும் சான்றிதழ் வேறு. பணம் கட்டுமுன் எது தரப்படும் என்று கேளுங்கள். "வேலை உறுதி" என்று முன்பணம் கேட்போரை நம்பாதீர்கள். வேலை தருவது நிறுவனமேயன்றிப் பயிற்சி நிலையம் அன்று. பட்டதாரிகளைச் சேர்த்துத் தாமே பயிற்றுவிக்கும் நிறுவனங்களும் உள்ளன. கடன் வாங்குமுன் அவற்றின் நேர்முகத் தேர்வுக்குப் பிள்ளையை அனுப்பிப் பாருங்கள். எளிய குறிப்புகளுக்குக் கணினியே குறியீடு காட்டும் காலம் வந்துவிட்டது. ஆகவே குறியீடுகளை மனப்பாடம் செய்தவரைவிட, கணினி காட்டியது சரியா என்று ஆராயக் கற்றவருக்கே எதிர்காலம் உண்டு.

எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: "ஒருவரும் பார்க்காதபோதும், இல்லாத ஒன்றை எழுதாமல் இருப்பாயா?" ஆம் என்று அமைதியாய்ச் சொல்லும் பிள்ளைக்கு, உடற்கூறையும் நூல்களையும் உழைப்பு கற்றுத் தரும். அப்பிள்ளையைத் துணிந்து அனுப்பலாம் என்பதே நம் கருத்து.