பெயர்த்துக் கொண்டுவந்த வீடுகள்

படூரிலிருந்து கேளம்பாக்கம் போய்க் கோவளம் சாலையைப் பிடித்தால், உப்பங்கழியைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலை. அதில் வடக்கே சற்றுத் தூரத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம். கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியில் 1850இல் எழுந்த சிரியன் கிறிஸ்தவர் வீடும், நெல்லைச் சீமை அக்கிரகார வீடும், செட்டிநாட்டு வீடும் இங்கே நிற்கின்றன.

டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனின் முயற்சி இது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் திட்டப்படி அமைந்த வளாகம் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. இடிபட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள்.

பிரித்த வீட்டை எப்படிப் பூட்ட முடிந்தது? பழைய தச்சர்களின் வேலை அப்படி. ஒரு மரத்தில் கழுந்து, இன்னொன்றில் துளை. இரண்டையும் இறுக்க ஒரு மரமுளை. முளையைத் தட்டி எடுத்தால் உத்திரமும் கைமரமும் சேதமில்லாமல் தனித்தனியே வந்துவிடும். மண்சுவருக்கு இந்த வசதி கிடையாது. அதைப் புதிதாகத்தான் எழுப்ப வேண்டும்.

இங்கிலாந்தின் கிராமத்து வீடு ஒன்றும் இதே முறையில்தான் பிழைத்தது. சசெக்ஸ் மாவட்டத்தில் உள்ள வீல்ட் அண்டு டவுன்லேண்டு அருங்காட்சியகத்தில் பேலீஃப் என்ற பண்ணைவீடு இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கென்ட் பகுதியில் நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்க இருந்த வீட்டைப் பிரித்து எடுத்துவந்தார்கள். சட்டகம் முழுக்க ஓக் மரம். சட்டங்களின் இடைவெளியில் குச்சித் தட்டி பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பிய சுவர். நம்மூரில் தட்டி கட்டி மண் பூசியவர்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை.

நடுவீடுதான் இன்னும் அழகு. பேலீஃபில் கூடத்துக்கு மேல்தளம் இல்லை, கூரைவரை ஒரே வெளி. தரையின் நடுவே நெருப்பு எரியும். புகைபோக்கி கிடையாது, புகை மேலேறிக் கூரை வழியே கசிந்து வெளியேறும். சன்னலுக்குக் கண்ணாடியும் இல்லை, மரக்கம்பிகளும் கதவும்தான். குளிருக்கு அவர்கள் நடுவில் நெருப்பை வைத்தார்கள். வெயிலுக்கு நாம் நடுவில் வானத்தைத் திறந்தோம். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே போகும். திண்ணையிலிருந்து ரேழி வழியாகக் காற்று உள்ளே வரும். நான்கு பக்கத் தாழ்வாரத்து மழையும் அங்கேயே விழும்.

படூர் இருக்கும் ராஜீவ் காந்தி சாலையை ஒட்டிய ஊர்களில் அடுக்குமாடிகளுக்கிடையே ஒன்றிரண்டு ஓட்டு வீடுகள் மிஞ்சியிருக்கக்கூடும். எல்லாவற்றையும் பெயர்த்துக் கொண்டுபோக இயலாது. ஆனால் இடிக்கும் முன் திண்ணையின் உயரத்தையும் முற்றத்தின் நீள அகலத்தையும் பனங்கைகளின் இடைவெளியையும் அளந்து வரைந்து வைக்கலாம். பக்கத்திலேயே படிக்கும் கட்டடக்கலை மாணவர்களுக்கு அது ஓரிரு நாள் வேலை.